அவுட் ஆன படம்

1974-ல் கைக்கு வந்த முதல் அரியர்ஸ் பணத்தில் ஓர் அக்ஃபா கிளிக் கேமரா வாங்கினேன். கறுப்பு டப்பா மாதிரி இருக்கும். 120 ஃபிலிம் சுருள் போட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஃபோகஸ் செய்யத் திருகுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவுதான்: "வெயிலை முதுகுப் பக்கம் வச்சுக்குங்க. பத்தடி தள்ளி நில்லுங்க. கையை ஆட்டாதீங்க."

முதல் சுருளில் பதினொரு படங்களை இந்த விதிப்படிதான் எடுத்தேன். கும்பேஸ்வரர் கோயில் கோபுரம், மகாமகக் குளம், எங்கள் வீட்டுத் திண்ணையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று சித்தப்பாக்கள் என்று போயிற்று. பன்னிரண்டாவது அம்மா. முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பத்தடியை மறந்துவிட்டேன். மூன்றடி கூட இருந்திருக்காது. நிமிர்ந்து பார்த்து, "போடா, இதையெல்லாமா படம் புடிப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது விசையைத் தட்டிவிட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து ஸ்டூடியோவுக்குப் போனபோது, "பதினொண்ணு பளிச்சுனு வந்திருக்கு தம்பி. ஒண்ணு மட்டும் அவுட்டு. பிரிண்ட் போட்டுக் காசை வீணாக்க வேணாம்" என்றார் அவர். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முறம் ஓரளவு தெரிந்தது. முகம் கரைந்த மாதிரி இருந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு கட்டத்தைக் கத்தரியால் நறுக்கி மேஜைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டுவிட்டு, மீதியைக் கவரில் போட்டுக் கொடுத்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

அம்மா 1981-ல் போய்விட்டாள். இன்று கூடத்தில் மாலையோடு மாட்டியிருப்பது ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்த படம். புடவைக் கரையின் நூல் தெரிகிறது, மூக்குத்தியின் கல் தெரிகிறது, அத்தனை தெளிவு. ஆனால் அந்த மாதிரி விறைப்பாக, உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இந்தக் கதையை நான் மறந்தே போயிருந்தேன். 2015 டிசம்பரில் லண்டனில் மகன் வீட்டில் இருந்தோம். சென்னை வெள்ளத்தை டிவியில் பார்த்துப் பார்த்து மனம் சரியில்லாமல் இருந்த நாட்கள். "வெளியே வாங்கப்பா" என்று பையன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளின் இருநூறாவது பிறந்த ஆண்டுக் கண்காட்சி. (கேமரன் என்பது கணவர் வழி வந்த பெயர். கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர் முழுக்க அவுட் ஆன படங்கள்!

அந்த அம்மாள் நம் நாட்டில் பிறந்தவர், 1815-ல், கல்கத்தாவில். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட நிபுணர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கிலாந்து போய், 1860-ல் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன். கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அடிக்கடி அங்கே போய்விடுவார். அம்மா தனியாக இருக்கிறாளே என்று 1863 கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள், பொழுது போகட்டும் என்று. அப்போது அவருக்கு வயது 48. அந்தக் காலத்தில் அது பாட்டி வயது.

பொழுதுபோக்குக்கு ஏற்ற சாமானா அது? பெரிய மரப்பெட்டி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, கொல்லோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். எங்காவது ஒரு தூசி விழுந்தால் படத்தில் புள்ளி. வெள்ளி நைட்ரேட் பட்ட விரலெல்லாம் கறுத்துப்போகும். கேமரன் அம்மாள் நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூண்டைக் காலி பண்ணிக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோ ஆக்கினார். கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது, யாரும் அவற்றைத் தின்னவில்லை என்று நம்புவதாக அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அன்று முழுக்க வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது பரிசு கொடுக்கலாமா என்று தேடி ஓடினாராம்.

படம் ஏன் மங்கலாக வந்தது என்று கேட்டால் காரணங்களைச் சொல்லலாம். அவருடைய லென்ஸில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது தெளிவாக இருக்காது. உட்காருபவர் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விட்டாலே முகம் அசையும். மற்ற போட்டோகிராஃபர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவையை வைத்து ஆளை அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். தள்ளி நின்று சின்னதாக எடுப்பார்கள். இந்த அம்மாள் கிட்டே போனார். 1866-க்குப் பிறகு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவுள்ள பெரிய தகடுகளில் தலையை ஏறக்குறைய நிஜ அளவுக்கே எடுத்தார்.

முதலில் மங்கலாக வந்தது தற்செயல்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்குப் பிறகு சொல்வதுதான் முக்கியம். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது, தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவாராம். இன்னும் கூர்மையாக வரட்டும் என்று மற்றவர்கள் மேலே திருகுகிற அந்தக் கடைசிச் சுற்றை அவர் திருகவில்லை. அந்தச் சுற்றை எங்கே நிறுத்துவது என்பதுதான், எனக்குத் தெரிந்தவரை, அந்த மனுஷியின் கலை முழுவதும்.

புகைப்படச் சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டு வரட்டும் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தகட்டில் விரல்ரேகை இருக்கிறது, கீறல் இருக்கிறது என்று குறை. ஆலிஸின் அற்புத உலகத்தை எழுதிய லூயிஸ் கரோலும் நல்ல போட்டோகிராஃபர், தெளிவுக் கட்சி. 1864-ல் ஃபிரெஷ்வாட்டருக்கு வந்தபோது இருவரும் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்த ஆட்களை நான் ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அந்த அம்மாள் சொல்ல, எனக்கும் உங்கள் ஆட்களைப் பற்றி அதே மாதிரி ஓர் ஆசை உண்டு என்று இவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எதிர்க்கட்சி இப்படி இருக்க, வேடிக்கை என்னவென்றால் விஞ்ஞானிகளுக்கு அவர் படங்கள் பிடித்துப்போயின. டார்வின் 1868-ல் குடும்பத்தோடு அவர் ஊரில் கோடையைக் கழித்தபோது எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, இதுவரை என்னை எடுத்த படங்களில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது என்று எழுதியே கொடுத்துவிட்டார். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், புகைப்படத்தை நிலைக்கச் செய்ய ஹைப்போவைப் பயன்படுத்தலாம் என்று வழி காட்டியவர், 1867-ல் அவர் முன் உட்கார்ந்தார். தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொல்லிப் படம் எடுத்ததாகச் சொல்வார்கள். இருட்டிலிருந்து வெள்ளை முடி புகை மாதிரி எழும்புகிறது. கண்கள் நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. அந்தப் படத்தின் முன்னால் நான் கால்மணி நேரம் நின்றிருப்பேன். பையன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து "போலாமாப்பா?" என்றான்.

இந்த இடத்தில் கும்பகோணத்துக்காரனாகிய நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். லண்டன் புறநகரில் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரையன் என்ற ஐரிஷ் சிறுமியைக் கேமரன் அம்மாள் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார். வளர்ந்தபின் வீட்டு வேலையும் செய்தாள், படத்துக்கும் உட்கார்ந்தாள். லண்டனில் நடந்த கண்காட்சியில் அவளையும் அவள் படங்களையும் பார்த்த ஓர் இளைஞர் மனதைப் பறிகொடுத்தார். 1867-ல் பெண் கேட்டு வந்து கல்யாணமும் செய்துகொண்டார். அவர் பெயர் ஹென்றி காட்டன். பின்னாளில் அஸ்ஸாமின் தலைமை ஆணையர். 1904 பம்பாய் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியின் மகனான அவர் பிறந்த ஊர் எது தெரியுமோ? நம்ம கும்பகோணம்தான், 1845-ல். (கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் வேறு ஆள்.) இருவரையும் ரோமியோ ஜூலியட்டாக நிறுத்தி அந்த அம்மாள் ஒரு படமும் எடுத்திருக்கிறார். அவுட்டான படங்களால் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது!

கேமரன் இறந்து பத்து வருஷத்துக்குள் உலகமே மாறிவிட்டது. 1888-ல் கோடக் கேமரா வந்தது. 25 டாலர். உள்ளே நூறு படத்துக்குச் சுருள். நீங்கள் விசையை அழுத்தினால் போதும், மற்றது எங்கள் பாடு என்று விளம்பரம். யார் வேண்டுமானாலும் தெளிவான படம் எடுக்கலாம் என்று ஆனதும், கலைஞர்கள் என்று தம்மை நினைத்துக்கொண்டவர்களுக்குக் கவலை வந்தது. எந்திரம் எடுப்பதில் கலை எங்கே என்று ஓவியர்கள் வேறு கேலி செய்தார்கள். அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் பிக்டோரியலிசம், அதாவது புகைப்படத்தை ஓவியம் போலச் செய்யும் பாணி.

எமர்சன் என்ற டாக்டர் 1889-ல் ஒரு புத்தகம் எழுதினார். கண் எதைப் பார்க்கிறதோ அது மட்டும்தான் தெளிவாகத் தெரியும், சுற்றியிருப்பது மங்கல். படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் தன் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக் கரை போட்டு ஒரு சிறு வெளியீடு அச்சடித்து, தான் சொன்னதைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார். அவர் ஓய்ந்தாலும் மற்றவர்கள் ஓயவில்லை. 1892-ல் லண்டனில் தனிச் சங்கம் கண்டார்கள். 1902-ல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் இன்னொன்று தொடங்கி, மறு வருஷம் 'கேமரா வொர்க்' என்ற பத்திரிகையும் கொண்டுவந்தார்.

இவர்கள் பிரிண்ட் போட்ட விதத்தைச் சொன்னால் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் மயக்கம் போட்டிருப்பார். பாரிஸில் ராபர்ட் டெமாஷி கோந்து முறையில் பெயர் வாங்கினார். வேலங்கோந்தையும் நீர்வண்ணத்தையும் டைக்ரோமேட் உப்பையும் கலந்து சொரசொரப்பான காகிதத்தில் பூசுவது. நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் கோந்து இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து ஓடும். கரையும்போதே பிரஷ்ஷால் தடவி வேண்டாததை அழிக்கலாம், கோடு இழுக்கலாம். முடிந்தபின் அது போட்டோவா, ஓவியமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவர்களில் பெரிய கை எட்வர்ட் ஸ்டைகன். கேமரன் இறந்த அதே 1879-ல் பிறந்தவர். 1904-ல் மரங்களுக்கு நடுவே ஒரு குளத்தில் நிலா வெளிச்சம் விழுவதை எடுத்தார். பிளாட்டினம் பிரிண்டின் மேல் கோந்து முறையில் நிறம் ஏற்றியது. அதன் ஒரு பிரதி 2006-ல் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைக்கு அதுவரை எந்தப் புகைப்படத்துக்கும் கிடைக்காத விலை.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கூட்டத்தின் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் எனக்குச் சலித்துவிடுகிறது. பனிமூட்டம், அந்தி வேளை, மெல்லிய துணி போர்த்திய பெண்கள். எல்லாம் தூரத்தில் இருக்கின்றன. பார்ப்பவரை அண்டவிடாமல் இருக்கவே புகை போட்டது மாதிரி. கேமரன் அம்மாளின் மங்கல் அப்படி வந்ததல்ல. அது கிட்டே போனதால் வந்தது. பச்சைக்குழந்தையை முகத்தோடு வைத்துப் பார்த்தால் நமக்கு அதன் முகம் தெளிவாகவா தெரிகிறது?

ஸ்டீக்லிட்ஸுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 1913-ல் தன் பத்திரிகையில் கேமரனின் படங்களைப் போட்டார். அதற்குள் அவருக்கே கோந்தும் பிரஷ்ஷும் அலுத்துவிட்டன. 1917-ல் பத்திரிகை நின்றபோது கடைசி இதழில் இருந்தவை பால் ஸ்ட்ராண்டின் கத்தி மாதிரிக் கூர்மையான படங்கள். 1932-ல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் சேர்ந்து எஃப்/64 என்று ஒரு குழு அமைத்தார்கள். அது லென்ஸின் துவாரத்தை மிகச் சிறிதாக்கும் எண். வைத்தால் பக்கத்துக் கல்லும் தூரத்து மலையும் ஒரே தெளிவில் விழும். வெஸ்டனே இளமையில் மங்கல் படம் எடுத்துப் பேர் வாங்கியவர்தான். பிறகு பல வருஷம், மங்கல் என்றாலே கேலி. கும்பகோணத்தில் அந்தக் கத்தரிக்கோல் வரைக்கும் வந்தது அந்தத் தீர்ப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேமரன் அம்மாளின் கடைசிக் காலம் நமக்குப் பக்கத்திலேயே கழிந்தது. பணமுடை. 1875-ல் எண்பது வயதுக் கணவரோடு இலங்கைக்குக் கப்பல் ஏறினார். போகும் இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் எடுத்துப் போனார்களாம். வெறுமனே போவானேன் என்று அதற்குள் பீங்கான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு. காப்பி இலைநோய் இலங்கைக்கு வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள்.

அங்கே வெக்கையிலும் நல்ல தண்ணீர் கிடைக்காத சிரமத்திலும் அவர் எடுத்த படங்கள் அதிகமில்லை. 1877-ல் மேரியன் நார்த் என்ற ஓவியர் களுத்துறையில் அவரைப் பார்க்கப் போனார். பட்டை உரிக்கிற வெயிலில் அவருக்குக் காஷ்மீர் சால்வையைப் போர்த்தி, தலைக்குப் பின்னால் தென்னங்கீற்றை வைத்து, இயல்பாக இருங்கள் என்று சொல்லிப் படம் எடுத்திருக்கிறார். இன்னொரு கதையும் நார்த் எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவனின் முதுகு பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது. தோட்டக்காரன் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியாது.

படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்சம் கழித்து வேறு மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் எடுத்த டார்வினுக்கும் ஹெர்ஷலுக்கும் பெயர் உண்டு. வேலைக்காரப் பெண் மேரி ரையனுக்குக்கூட உண்டு. களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பிட்ட படத்தில் நேராக நம்மைப் பார்க்கும் முகங்களுக்குப் பெயர் இல்லை. அவ்வளவு கிட்டே போகத் தெரிந்தவருக்குப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு மனக்குறை.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பக்கம் மகனுடைய தோட்டத்து வீட்டில் இறந்தார். பொகவந்தலாவை மாதா கோயில் கல்லறையில் இருக்கிறார். மறு வருஷம் கணவரும் பக்கத்திலேயே.

கண்காட்சி முடிந்து வெளியே வரும்போது கடையில் ஒரு தபால் அட்டை வாங்கினேன். ஜூலியா ஜாக்சன் என்ற பெண்ணின் முகம். கேமரனுக்கு அக்கா தங்கை வழி மகள், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய். பாதி முகம் இருட்டில், பாதி வெளிச்சத்தில். நேராக நம்மைப் பார்க்கிறாள். ராத்திரி அதை ஃபோனில் படம் எடுத்து ஊரிலிருக்கும் அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

"யாருடா இது? படம் அவுட்டா இருக்கே. கையை ஆட்டிட்டியா?" என்று பதில் வந்தது.

நான் ஆட்டவில்லை, எடுத்ததே அப்படித்தான் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அங்கே விடிந்திருக்காது, தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன். பிறகு ஒரு வரி வந்தது.

"அம்மா அரிசி பொடைக்கறப்ப ஒண்ணு எடுத்தியே, அதுவும் இப்படித்தான் இருக்குன்னு சொன்னே. அது எங்கடா?"